பெட்டியின் சொந்தக் குரல்

கணினியின் ஒலித்துளையிலிருந்து வெளிவரும் மின்சைகை ஹெட்போனை இயக்கப் போதுமே தவிர, ஸ்பீக்கரின் கூம்பை அசைத்து அறையை நிரப்பும் வலு அதற்கு இல்லை. ஆகவே அந்தச் சைகையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வைக்காமல் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே பொதிந்து விற்பது கணினி ஸ்பீக்கர்களில் வழக்கமாயிற்று. சுவர் பிளக்கிலிருந்தோ யு.எஸ்.பி. துளையிலிருந்தோ மின்சாரம் பெறும் இவையே 'பவர்டு ஸ்பீக்கர்' எனப்படுகின்றன. பெயர் புதிதாகத் தோன்றினாலும் ஏற்பாடு பழையது. காந்தப்புலத்தில் நிற்கும் கம்பிச் சுருள் ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ளி ஒலியெழுப்பும் இன்றைய அமைப்பை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட ஆய்வுரை நிலைநாட்டியது, அதையொட்டி ஆர்.சி.ஏ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியோலா 104 என்னும் ஸ்பீக்கரின் பெட்டிக்குள்ளும் ஆம்ப்ளிஃபையர் இருந்தது.

இத்தகைய ஸ்பீக்கரின் ஒலித்தரத்தை மதிப்பிட முற்படுபவர், பதிவில் உள்ளதை அது அப்படியே தருகிறதா, தன் பங்குக்கு எதையாவது கூட்டியோ குறைத்தோ தருகிறதா என்பதைத்தான் கண்டறிய வேண்டும். வீணையின் குடத்துக்கும் வயலினின் உடலுக்கும் சொந்தக் குரல் இருப்பது அழகு. ஸ்பீக்கர் பெட்டிக்கு அது இருப்பது குறை.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை. மலிவான ஸ்பீக்கர்களின் மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று பெரிய எழுத்தில் காணப்படும் பி.எம்.பி.ஓ. என்பது, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான பொழுதில் கருவி எட்டக்கூடும் என்று சொல்லப்படும் உச்சத் திறன். அதை அளப்பதற்கு எல்லோரும் ஏற்ற முறை எதுவும் இல்லாததால், விற்பவர் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ள அது இடம் தருகிறது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் அதைவிட நம்பத்தக்கது. ஆனால் அந்தத் திறனில் எத்தனை சதவீதச் சிதைவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கும் பொருளுண்டு. சிதைவு என்பது பதிவில் இல்லாத அதிர்வுகளை ஆம்ப்ளிஃபையரோ கூம்போ தானாகச் சேர்த்துவிடுவது. எண்களின் உண்மையை அறிய எளிய பெருக்கலே போதும்: பழைய வகை யு.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் தரும் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்கும் ஸ்பீக்கர் தொடர்ந்து அதற்கு மேல் தர வழியே இல்லை. சுவர் அடாப்டருடன் வருவதாக இருந்தால், அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்க்கலாம். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே செல்வதே 24 வாட், வெளியே வருவது அதனினும் குறைவு.

வாட் குறைவாக இருப்பதே குறையும் அன்று. திறனை இரட்டித்தால் ஒலியளவு கூடுவது 3 டெசிபெல் மட்டுமே; காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படுகிறது. மேசைமுன் கை எட்டும் தூரத்தில் அமர்ந்து கேட்பவருக்கு ஒரு வாட்டுக்கும் குறைவான திறனே பெரும்பாலான நேரம் போதுமானது. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று எழுதியிருப்பதும் இவ்வாறே வெறும் அலங்காரம். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. இளம் காது கேட்கக்கூடிய எல்லையை அப்படியே நகலெடுத்து அட்டையில் அச்சிட்டுவிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் ஒலியளவு எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்களால் பயனில்லை. ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதாவது அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியளவைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பது இயற்பியல். மூன்று அங்குலக் கூம்பு 40 ஹெர்ட்ஸை முழு வலுவுடன் தருவதாகச் சொல்வது அந்த இயற்பியலோடு வழக்காடுவதாகும்.

எண்களை விட்டுக் காதை நம்பலாம் என்றால், காதும் எளிதில் ஏமாறுகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் ஆகியோர் 1933இல் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது காது கீழ் அதிர்வுகளை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. எனவே இரண்டு ஸ்பீக்கர்களில் சற்றே உரக்க ஒலிப்பது, தரத்தில் மேம்படாமலே, நிறைவாகவும் தெளிவாகவும் தோன்றிவிடுகிறது. கடைக்காரர் விற்க விரும்பும் ஜோடியின் குமிழ் எப்போதும் ஒரு சிட்டிகை கூடுதலாகத் திரும்பியிருப்பதில் வியப்பில்லை. கண்ணும் காதுக்குத் துணைபோய்க் கெடுக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல்லாண்டு ஸ்பீக்கர் ஆய்வு நடத்திய ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட சோதனையில், ஹார்மன் நிறுவன ஊழியர் 40 பேர் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறையும் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருமுறையும் கேட்டு மதிப்பெண் இட்டனர். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது; திரைக்குப் பின்னால் நன்றாகவே தேறிய, கீழ்ஒலிப் பெட்டியும் சிறு பெட்டிகளும் சேர்ந்த சிறிய, மலிவான தொகுப்பு, கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. கணினி ஸ்பீக்கர் வாங்குபவருக்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை வேண்டியதில்லை.

ஆய்வகத்தின் ஒழுங்கை வீட்டிலும் ஓரளவு கடைப்பிடிக்கலாம். கைப்பேசியில் உள்ள ஒலியளவு செயலி சரியான டெசிபெல்லைக் காட்டாவிட்டாலும், இரண்டு ஜோடிகளும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று ஒப்பிடப் போதுமானது. மெல்லிய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி இயக்கச் சொன்னால் மற்ற பாதி வேலையும் முடிந்துவிடும். ஒலியின் நுண்மையை மனம் சில நொடிகளுக்கு மேல் பிடித்துவைப்பதில்லை என்பதால், முழுப் பாடலைக் கேட்டுவிட்டு அடுத்த ஸ்பீக்கருக்குப் போவதைவிட, பத்து நொடித் துணுக்கொன்றை உடனுக்குடன் மாற்றிக் கேட்பது நல்லது.

எதைக் கேட்பது என்பதற்கு முதல் விடை, இசைக்கருவிகளின் துணையற்ற மனிதப் பேச்சு. பிறந்தது முதல் பழகிய ஒலி அது ஒன்றே என்பதால், அதில் நேரும் சிறு பிசகும் காதுக்கு உறுத்தும். தமிழ்ச் செய்தி வாசிப்பு இதற்கு மிகப் பொருத்தமானது. ல, ள, ழ என்னும் மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில் அமைவதால், அங்கே பள்ளம் விழுந்த ஸ்பீக்கரில் வாசிப்பவரின் ழகரம் மழுங்கிக் கேட்கும். அதற்கு மேலே மேடு இருந்தால் சகரமும் ஸகரமும் துப்புவதுபோல் சீறும். ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 150 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி வீங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கீழ் அதிர்வுகளைச் சோதிக்க மிருதங்கத்தைப்போல் நேர்மையான சாட்சி வேறில்லை. சாதாரணத் தோற்கருவியின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக் கிடக்க, வலந்தலையில் பூசிய கரும்பூச்சு அவற்றை அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்தி, தட்டும் ஓசையைச் சுருதியாக மாற்றுகிறது என்பதை சி.வி.ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். அந்த ஒழுங்கு ஸ்பீக்கரிலும் பிழைத்திருந்தால் வலந்தலையின் ஒலி தம்புராவோடு கலந்து நிற்கும். சிதைவு மிகுந்த ஸ்பீக்கரில் அது தகரத்தில் தட்டியதாகிவிடும். இடப்பக்கமான தொப்பியில் இன்னும் கடுமையான சோதனை காத்திருக்கிறது. வாசிப்பவர் தொப்பியைத் தட்டியபின் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கிச் செல்கிறது. கும்கி என்று அதற்குப் பெயர். சிறு பெட்டிகளின் பின்புறமோ முன்புறமோ காணப்படும் வட்டத் துளை, பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப்போல, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் காற்றை ஒத்ததிரச் செய்து, கூம்பால் இயலாத கீழ் ஒலியை ஈடுகட்டுகிறது. இதை அளவோடு அமைத்த பெட்டியில் கும்கியின் வழுக்கல் முழுதும் கேட்கும். 'பேஸ் அதிரும்' என்று சொல்லி விற்பதற்காக மிகையாக அமைத்த பெட்டியிலோ, வழுக்கல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும் எல்லாம் ஒரே 'பும்' ஆகிவிடும். மிருதங்கமும் தவிலும் மின்கிட்டாரும் அந்த ஒரே சுருதியில் இடிக்கும். பெட்டியின் சொந்தக் குரல் என்பது இதுதான். பலருக்கு இது பிடித்தும் இருக்கிறது. பிடித்திருப்பதற்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. மாறாக, மிகக் கீழே இறங்காத நேர்மையான சிறு ஸ்பீக்கரிலும் தொப்பியின் சுருதி புரிகிறது; அடிப்படை அதிர்வு காணாமல்போனாலும், அதன் மடங்குகளைக் கொண்டு மூளையே அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

சப்வூஃபர் எனப்படும் கீழ்ஒலிப் பெட்டியோடு இரண்டு சிறு பெட்டிகள் சேர்ந்த 2.1 வகையில் வேறொரு சிக்கல் உண்டு. இரண்டு அங்குலக் கூம்புள்ள சிறு பெட்டிகள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுவதால், அந்த இடைவெளியை மேசைக்கடியில் இருக்கும் சப்வூஃபர் தன் வரம்புக்கு மேலே ஏறி அடைக்க வேண்டியிருக்கிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வு அந்தப் பகுதியில்தான் விழுகிறது என்பதால், பேசுபவரின் வாய் திரையிலும் நெஞ்சு மேசைக்கடியிலும் இருப்பதுபோல் குரல் இரண்டாகப் பிளக்கும்.

ஸ்பீக்கரைக் குறைசொல்லுமுன் அது வைக்கப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். சுவர் மூலையில் ஒட்டிவைத்தால் கீழ் ஒலி பிரதிபலித்துப் பெருகி, நல்ல பெட்டியையும் பும்மென்று முழங்கச் செய்யும். மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியோடு சற்றுப் பிந்திச் சேர்ந்து சில அதிர்வெண்களை அழிக்கிறது. இரண்டு தடித்த புத்தகங்களை அடியில் கொடுத்து, மேல் ஒலி தரும் சிறு கூம்பான ட்வீட்டரைக் காதின் உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பெருமளவு தெளிந்துவிடும். பெட்டிகள் இரண்டும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைவது உத்தமம்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பதால் அதன் குறைகளும் ஸ்பீக்கரின் கணக்கில் சேரும். எதையும் ஓடவிடாமல் குமிழை முழுதும் திருப்பிக் காதை அருகில் வைத்தால், 'ஸ்' என்ற இரைச்சலும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோ அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸோ ஆன ரீங்காரமும் வெளிப்படும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால் குற்றம் ஸ்பீக்கருடையதன்று. இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே ஓடும் மின்னோட்டத்தின் வேலை அது.

குமிழை எதிர்ப்புறம் திருப்பிச் செய்யும் சோதனையைக் கடைகளில் யாரும் செய்வதில்லை. மலிவான குமிழ்களுக்குள் இடது, வலது பெட்டிகளுக்கான கரித்தடங்கள் தொடக்கப் பகுதியில் சமமாக அமைவதில்லை. இரு பெட்டியிலும் ஒரே அளவில் பதிவான ஒற்றைக் குரலை ஓடவிட்டு, வீட்டார் உறங்கும் நேரத்துக்கேற்ற அளவுக்குக் குமிழை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், அதுவரை திரையின் நடுவில் நின்ற குரல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு பெட்டிக்குள் போய் ஒடுங்குவதைக் கேட்கலாம்.