49 வாக்கும் பச்சை மையும்

தபால் வாக்குக்குப் படிவம் 12 கொடுக்கும் கெடு நெருங்குகிறது. அம்பையிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் ஆசிரியர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்வி: “எங்க ஹெச்.எம். கையெழுத்து போட்டா செல்லுமா?” ராதாபுரம் கிளப்பிவிட்ட சந்தேகம் இது.

மு. அப்பாவு அந்தத் தொகுதியில் 1996-ல் த.மா.கா., 2001-ல் சுயேச்சை, 2006-ல் தி.மு.க. என மூன்று சின்னங்களில் ஜெயித்தவர். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரை பெற்றது 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49. செல்லாது என்று ஒதுக்கிய தபால் வாக்குகளோ 203.

‘செல்லாதவை’ என்றதும் வாக்காளர் தப்பாகக் குறியிட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். இங்கே விஷயம் வேறு. வெளி உறைக்குள் 13ஏ உறுதிமொழிப் படிவமும், வாக்குச்சீட்டு வைத்த சின்ன உறையும் இருக்கும். எண்ணும் மேஜையில் முதலில் பார்ப்பது படிவத்தை. சான்றொப்பத்தில் குறை என்றால் சின்ன உறையைப் பிரிக்கவே கூடாது. யாருக்குப் போட்ட ஓட்டு என்று தெரியாமலே அது தள்ளுபடி. பாரபட்சத்தைத் தடுக்கக் கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அதிகாரி தப்பாகத் தள்ளியிருந்தால், அதில் நஷ்டப்பட்டவர் யார் என்பதும் அந்த உறைக்குள்ளேயே கிடக்கும்.

ராதாபுரத்தில் சொன்ன குறை, சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்கள் பச்சை மையில் கையெழுத்திடும் கெசட்டட் அதிகாரிகள் அல்ல என்பது. வாக்குச்சாவடியையே நம்பி ஒப்படைக்கலாம். சக ஆசிரியரின் கையெழுத்துக்குச் சாட்சி சொல்ல மட்டும் தகுதி போதாதாம்!

அப்பாவு வழக்குத் தொடுத்தார். அந்தச் சான்றொப்பம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2019 அக்டோபர் ஆகிவிட்டது. 203 தபால் வாக்குகளோடு 19, 20, 21-வது சுற்றுகளையும் நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இன்பதுரை ஐந்தாண்டையும் எம்.எல்.ஏ.வாகவே முடித்தார். 2021-ல் அதே இருவர் மோதியதில் அப்பாவு ஜெயித்து, மே 12-ல் பேரவைத் தலைவரானார்.

மற்றக் கேள்விகள்:

மறு எண்ணிக்கையில் ஜெயித்தது யார்? அந்தப் பேரவையின் ஆயுள் முடியும்வரை அறிவிக்கவில்லை.

சரி, ஹெச்.எம். கையெழுத்து? தேர்தல் பணியில் இருப்பவர்கள் 2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு வசதி மையத்திலேயே வாக்கைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சான்றொப்பமிடும் அதிகாரி அங்கேயே இருப்பார்.

சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? கூடாது.

படிவம் 12 யாரிடம்? பயிற்சி வகுப்பிலேயே வாங்கிக்கொள்வார்கள்.