தோலுக்கும் சீமெந்து வேண்டும்: செரமைட் கிறீம்களை எப்படி விளங்கிக்கொள்வது?

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பாமசிகளின் கண்ணாடி அலுமாரிகளில் ‘செரமைட்’ என்ற சொல் அச்சிடப்பட்ட கிறீம்கள் இப்போது கண்ணில் படுகின்றன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினர்களின் பயணப்பொதிகளில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் அவை வந்து இறங்குகின்றன. ஒரு சிறிய புட்டியின் விலை, கூலி வேலைக்குப் போகும் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

நான் வைத்தியர் அல்ல, ஊடகக் கற்கைகள் படித்தவள். ஆனால், செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் பேட்டி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “தங்கச்சி, இந்தக் காயம்பட்ட இடம் வரண்டுபோய் ஒரே கடியாக் கிடக்கு. பூசுறதுக்கு என்ன வாங்கலாம்?” கேட்பவர்கள் செல்வீச்சில் எரிகாயம் பட்டவர்கள், கால் இழந்தவர்கள், நீரிழிவோடு வாழும் வயதானவர்கள். விளம்பரம் அவர்களுக்கு ஒரு பதில் சொல்கிறது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

சுவரும் கலவையும்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய எவருக்கும் இது எளிதில் விளங்கும். கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மேசன் கலவையில் சீமெந்தைக் குறைத்தால் முதல் மாரியிலேயே சுவர் ஊறத் தொடங்கும். தோலின் ஆக மேலே இருக்கும் படையும் அப்படிப்பட்ட ஒரு சுவர்தான். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அதில் 15 முதல் 20 வரிசைகளாகத் தட்டையான, இறந்த கலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவைதான் கற்கள். அவற்றுக்கு இடையில் கொழுப்புப் பொருட்கள் மெல்லிய தாள்கள் போலப் படிந்து கிடக்கின்றன. இவைதான் கலவை.

இந்தக் கலவையில் முக்கியமாக மூன்று பொருட்கள் இருக்கின்றன: செரமைட், கொலஸ்ரோல், கொழுப்பமிலங்கள். நிறையின்படி பார்த்தால் ஏறத்தாழ அரைவாசி செரமைட்தான். இரத்தப் பரிசோதனையில் கூடினால் பயப்படும் அதே கொலஸ்ரோல் இங்கே ஒரு நல்ல வேலை செய்கிறது. உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியிலுள்ள கிருமிகள், சவர்க்காரம், தூசு உள்ளே இறங்காமலும் தடுப்பது இந்த மூன்றும் சேர்ந்த படைதான்.

செரமைட் என்பது ஒரு தனிப் பொருள் அல்ல, ஒரு குடும்பம். ஒரு நீண்ட கொழுப்பமிலமும் ஸ்பிங்கோசின் வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறும் இணைந்தால் ஒரு செரமைட். ஸ்பிங்கோசினுக்கு அந்தப் பெயரை வைத்தவர் லண்டனில் வேலை செய்த துடிக்கும் என்ற வைத்தியர். 1884இல் மூளையின் இரசாயனத்தை ஆராய்ந்தபோது விடுகதை போல இருந்த இந்தப் பொருளுக்கு, விடுகதை போடும் கிரேக்கப் புராணப் பிறவியான ஸ்பிங்ஸின் பெயரைக் கொடுத்தார். அது தோலில் என்ன செய்கிறது என்பது விளங்க இன்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

மூன்றும் சேர்ந்தால்தான் சுவர்

தோலின் மேற்படை வெறும் செத்த தோல் என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. கல்லும் கலவையும் என்ற விளக்கத்தை 1980களில் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பீற்றர் எலியாஸ். சன் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும், அங்குள்ள முன்னாள் படைவீரர் வைத்தியசாலையிலும் வேலை செய்த தோல் வைத்தியர் அவர்.

1991இல் ஜப்பானின் காவோ நிறுவனத்தைச் சேர்ந்த கென்ஜி இமோக்காவாவும் அவருடைய குழுவினரும் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். எக்சிமா எனப்படும் ஒவ்வாமைத் தோலழற்சி உள்ளவர்களின் தோலில் செரமைட் குறைவாக இருந்தது. புண் பட்ட இடத்தில் மட்டுமல்ல, பார்வைக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலும் குறைவாகவே இருந்தது. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு, பிலாக்ரின் என்ற புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்படும் பழுது எக்சிமா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. இந்தப் புரதம் சுவரின் கற்களோடு சம்பந்தப்பட்டது. கல்லிலும் குறை வரலாம், கலவையிலும் குறை வரலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. பிள்ளைக்குத் தோல் சொறிந்தால் ‘தாய் சரியாகக் குளிப்பாட்டுவதில்லை’ என்று பழி போடுவதற்கு இதில் எந்த இடமும் இல்லை.

எலியாஸின் குழு 1990களில் எலிகளில் செய்த சோதனைகளில் இன்னொன்று தெரிந்தது. கொழுப்புக் களையப்பட்ட தோலில் செரமைட்டை மட்டும் பூசினால், அல்லது மூன்றில் இரண்டை மட்டும் பூசினால், தோல் ஆறுவது வேகமாகவில்லை, தாமதமானது. மூன்றையும் சம அளவில் கலந்து பூசியபோது வழமைபோல ஆறியது. மூன்றில் ஒன்றை மற்றவற்றின் மும்மடங்காகக் கூட்டியபோது வேகமாக ஆறியது. ஆகவே, புட்டியில் ‘செரமைட் உள்ளது’ என்று மட்டும் எழுதியிருப்பது பெரிய உத்தரவாதம் அல்ல. கொலஸ்ரோலும் கொழுப்பமிலமும் கூட இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தழும்பும் செயற்கைக் காலும்

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எக்சிமாவைப் பற்றியவை. ஆனால், எங்கள் ஊர்களில் தோல் தடுப்புப் பழுதடைந்த இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது.

ஆழமான எரிகாயம் வியர்வைச் சுரப்பிகளையும் எண்ணெய்ச் சுரப்பிகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அவை மீண்டும் வளர்வதில்லை. மேலே வளரும் புதுத் தோலின் சுவரும் ஒழுங்காக அடுக்கப்படுவதில்லை. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகளின்படி, தடித்துப் புடைத்த தழும்புகள் காயம் மூடி நீண்ட காலத்துக்குப் பிறகும் சாதாரண தோலைவிடக் கூடுதலாகத் தண்ணீரை இழக்கின்றன. தழும்பு வரள்வதற்கும், வெடிப்பதற்கும், இரவில் நித்திரை கொள்ள விடாமல் கடிப்பதற்கும் இது ஒரு காரணம். ஈரத்தைத் தக்கவைக்கும் எந்தப் பூச்சும் இந்த வரட்சியைத் தணிக்கும். ஆனால், பழைய தழும்பை எந்தச் செரமைட் கிறீமும் மறைக்காது. அப்படி யாராவது சொன்னால் அது வியாபாரம்.

செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்கு, காலின் முனைத் தோல் நாள் முழுவதும் மூடிய கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் வியர்வையிலும் உராய்விலும் கிடக்கிறது. அவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை இது: இரவில் காலைக் கழற்றி, மென்மையாகக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு கிறீம் பூசுங்கள். காலையில் மாட்டுவதற்கு முன் பூச வேண்டாம். தோல் ஊறி, வழுக்கி, புண்ணாகும்.

இன்னொரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எரிகாயத் தழும்பில் ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு வந்தால் கிறீம் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மார்ஜொலின் புண் எனப்படும் ஒரு வகைத் தோற்புற்றுநோய், காயம் பட்டுப் பல வருடங்கள், சில வேளை தசாப்தங்கள் கழித்தும் அந்தத் தழும்பிலேயே தோன்றலாம். யுத்தம் முடிந்து 15 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ‘பழைய காயம்தானே’ என்று விடாமல் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.

மனமும் இந்தச் சுவரில் எழுதுகிறது

2001இல் அமெரிக்காவில் மருத்துவத்துறை மாணவர்களிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. தோலின் மேற்படையைப் பசைநாடாவால் சிறிது உரித்து, அது எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று அளந்தார்கள். விடுமுறை முடிந்து வந்த நாட்களைவிடப் பரீட்சைக் காலத்தில் மீள்வது தாமதமானது. அழுத்தத்தின்போது உடம்பில் கூடும் ஓமோன்கள் தோல் தன் கொழுப்புகளைத் தயாரிப்பதைக் குறைக்கின்றன என்று பின்னர் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

பரீட்சைப் பயத்தையும், காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் வருடங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால், ‘யோசிச்சால் எனக்கு உடம்பெல்லாம் கடிக்கும்’ என்று ஓர் அம்மா சொல்லும்போது அது கற்பனை அல்ல என்று சொல்ல இந்த ஆய்வுகள் போதும்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

எக்சிமாவுக்கான ஈரப்பூச்சுகள் பற்றிய 77 ஆய்வுகளை, 6,603 பேரின் தரவுகளோடு, கொக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. ஈரப்பூச்சுகள் பயன் தருகின்றன. ஆனால், ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை. 2022இல் பிரித்தானியாவில் 550 பிள்ளைகளிடம் லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் என்ற நான்கையும் ஒப்பிட்டபோதும் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உதவின. எது விலையுயர்ந்தது என்பதைவிட, எதை ஒவ்வொரு நாளும் போதிய அளவு பூச முடியும் என்பதே முக்கியம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கிறீமைக் ‘கரைந்துவிடும்’ என்று விரல் நுனியால் தொட்டுப் பூசுவதில் பயனில்லை.

வெறும் வெள்ளைப் பரபின், அதாவது வஸ்லீன் வகை, மலிவானது. அது மேலே மட்டும் படிந்து தோலை மூச்சுவிட விடாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1992இல் எலியாஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அது தோலின் மேற்படையிலுள்ள கற்களுக்கு இடையே இறங்கி நிற்பதும், தோல் தன்னைத்தானே திருத்துவதை அது தடுக்காததும் தெரிந்தன. குளித்து மூன்று நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுவது நல்லது.

எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. 2005இல் வெளியான டாக்கா சிறுவர் வைத்தியசாலை ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது வைத்தியசாலையில் தொற்றும் கிருமிநோய் 41 சதவீதம் குறைந்தது. சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலம் தோலின் முக்கியமான சில செரமைட்டுகளுக்கு மூலப்பொருள். உணவில் கொழுப்பே இல்லாதபோது எலிகளின் தோல் செதிலாகிறது என்பதை அமெரிக்காவின் பேர் தம்பதியினர் 1929இலேயே காட்டியிருந்தார்கள். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் எக்சிமாவுக்கு, இரசாயனம் சேர்க்காமல் எடுத்த தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக உதவியது. மாறாக, ஒலிவ் எண்ணெய் தோல் தடுப்பைப் பலவீனப்படுத்துவதாக 2013இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் நடந்த ஆய்வு காட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒலிவ் எண்ணெயைக் குழந்தைக்குப் பூசத் தேவையில்லை.

கையில் காசு இருந்து செரமைட் கிறீம்தான் வாங்குவதென்றால், வாங்கலாம், தீங்கில்லை. புட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். சேர்மானங்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்ததாக எழுதப்படுகின்றன. ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். செரமைட் பட்டியலின் கடைசிக்குப் பக்கத்தில், வாசனைப் பொருளுக்குக் கீழே நின்றால், அது பெயருக்குத்தான் இருக்கக்கூடும். வாசனை சேர்க்காததையே தெரிவுசெய்யுங்கள்.

கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, சவர்க்காரம். ஆரோக்கியமான தோல் சற்று அமிலத்தன்மையானது. செரமைட்டைத் தயாரிக்கும் நொதியங்கள் அந்த அமிலத்தன்மையில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. சாதாரண சவர்க்காரம் காரத்தன்மையானது. வரண்ட தோலில், தழும்பில் அதைத் தேய்க்காதீர்கள்.

இரண்டாவது, அக்குவஸ் கிறீம். மலிவாகக் கிடைக்கும் இதில் பெரும்பாலும் நுரைக்கும் இரசாயனம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பூசி அப்படியே விட்டால் அது தோற்சுவரை மெலிதாக்குகிறது என்று 2010இல் பாத் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பாவித்துக் கழுவலாம். பூசி விடுவதற்கு அது ஏற்றதல்ல.

மூன்றாவது, நெருப்பு. கிறீமும் பரபினும் ஊறிய துணி வேகமாகத் தீப்பிடிக்கும் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் எச்சரித்திருக்கிறது. விறகடுப்பிலும் குப்பி விளக்கிலும் வேலை செய்பவர்கள் பூசிய உடுப்போடு நெருப்புக்குக் கிட்டப் போகக் கூடாது.

நான்காவது, வெள்ளையாக்கும் கிறீம்கள். பெயர் தெரியாத சிலவற்றில் பாதரசமோ கடுமையான ஸ்ரிரொயிட்டோ கலந்திருக்கும். வைத்தியரின் கண்காணிப்பில்லாமல் நீண்ட நாள் பூசும் ஸ்ரிரொயிட், தோல் தன் கொழுப்பைத் தயாரிப்பதையே குறைத்துவிடும்.

தழும்புள்ள உடம்புக்குப் பூச்சு என்பது அழகுக்கான செலவு அல்ல. அது ஊன்றுகோலைப் போல, செயற்கைக் காலைப் போல ஒரு தேவை. பரபினும் கழுவுவதற்கான நல்ல பூச்சும் மாதாமாதம் கிளினிக்கில் தடையில்லாமல் கிடைத்தால், வெளிநாட்டுப் புட்டிக்காகக் கடன் பட வேண்டிய தேவை இங்கே பலருக்கு இருக்காது. புனர்வாழ்வு பற்றிப் பேசும் கூட்டங்களில் வீடு, வாழ்வாதாரம், இழப்பீடு என்பவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள்.