மின்மினி போன்றதொரு வண்டு

மாணவர்களே, மின்மினியைக் கண்டறியாதவர் உங்களுள் எவரும் இரார். அதனைப் போலவே தோன்றி நம்மை ஏமாற்றும் மற்றொரு பூச்சியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். கொப்புள வண்டு என்பது அதன் பெயர். அப்பெயரின் பொருத்தத்தை ஒரு மாணவனின் கழுத்தைக் கண்ட பின்னரே நான் உணர்ந்தேன்.

மழைக்காலத்து மாலையொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தீப்பெட்டியுடன் வந்தான். "மின்மினி பிடித்தேன், ஐயா; ஆனால் ஒளிரவில்லை" என்றான். மெலிந்து நீண்ட உடல், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மென்மையான மேற்சிறகுகள். நானும் ஒரு கணமே நோக்கி, "அஞ்சியிருக்கும், இருட்டில் வைத்துப் பார்" என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு அது வெளிப்பட்டுக் கழுத்தில் ஊர, அவன் கையால் தேய்த்துவிட்டான். மறுநாள் அங்கே நெல்லிக்காயளவு கொப்புளம் நீர் கோத்திருந்தது. பிழை அவனுடையதன்று, பாராமலே விடை கூறிய ஆசிரியனுடையது.

எவ்வாறு பார்த்திருக்க வேண்டும்? ஒளிர்வது கொப்புள வண்டு அன்று என்பது உறுதி. ஆனால் ஒளிராததெல்லாம் மின்மினி அன்று எனல் தவறு. பகலில் நடமாடும் சில மின்மினி இனங்கள் வளர்ந்தபின் ஒளிர்வதேயில்லை. ஆகவே தலையை நோக்குங்கள். மேலிருந்து பார்க்கையில் மின்மினியின் தலை பெரும்பாலும் தெரியாது. முன்மார்புத் தகடு கேடயம்போல் விரிந்து அதனை மறைத்திருக்கும். கொப்புள வண்டின் தலையோ முழுவதும் வெளியே தெரியும்; கீழ்நோக்கி வளைந்திருக்கும்; அதன் பின்னே கழுத்து ஒடுங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைப்பின் பின்னங்காலின் பாதக் கணுக்களை எண்ணலாம். மின்மினிக்கு ஐந்து; கொப்புள வண்டுக்கு நான்கு. மற்றக் கால்களில் இரண்டுக்கும் ஐந்தே. அங்கே எண்ணி ஏமாற வேண்டா.

நிறத்தை நம்புதல் ஆகாது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் மின்மினி ஒன்றுக்குக் கரிய சிறகுகளில் வெளிர்மஞ்சள் கரை உண்டு. அங்குள்ள கொப்புள வண்டு ஒன்றுக்கும் கரிய சிறகுகளே, கரை மட்டும் சாம்பல் நிறம். அந்தி மங்கலில் யார் பிரித்தறிவார்?

இவ்வண்டு கொட்டுவதில்லை. அழுத்தினால் கால் மூட்டுகளிலிருந்து கசியும் நீரில் காந்தரிடின் என்னும் நஞ்சு உள்ளது. பிரெஞ்சு வேதியியலறிஞர் ரோபிக்கே 1810-இல் அதனைப் பிரித்தெடுத்தார். ஆண் வண்டிடமிருந்து பெண் வண்டு அதனைப் பெற்றுத் தன் முட்டைகளுக்குக் காப்பாக்குகிறது. வண்டு மாண்டு உலர்ந்த பின்னும் நஞ்சு அழிவதில்லை. உலர்ந்த குதிரைமசால் தீவனத்தோடு இவ்வண்டுகளைத் தின்று குதிரைகள் இறந்ததுண்டு. எனினும் கண்டவுடன் நசுக்க முற்படாதீர்கள். சில இனங்களின் புழுக்கள் வெட்டுக்கிளியின் முட்டைகளைத் தின்று உழவருக்கு உதவுகின்றன.

உடல்மீது அமர்ந்தால் ஊதியோ காகித நுனியாலோ அகற்றி, அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கொப்புளம் எழுந்தால் உடைக்கலாகாது.

புண் ஆறியபின் அம்மாணவன் மீண்டும் வந்தான். இம்முறை கையில் கண்ணாடிக் குப்பி. நான் வாங்கிப் பார்க்குமுன் அவனே கூறினான்: "தலை தெரிகிறது, ஐயா."