ரவுட்டருக்கு ஒரு ஃபைல்: போனிலிருந்தே அனுப்பலாம், நிதானமா அனுப்பணும்

உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டை கடைசியா எப்போ மாத்தினீங்க? சரி, அந்த ரவுட்டருக்குள்ளே ஓடுற மென்பொருளை எப்போ புதுப்பிச்சீங்க? முதல் கேள்விக்கே கொஞ்சம் யோசிப்போம். இரண்டாவது கேள்வி பலருக்கும் புதுசு.

பட்டா பார்க்கிறது, மின் கட்டணம் கட்டுறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது என்று எல்லாம் இன்று போனிலேயே முடிகிறது. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருப்பவர் வெளியூர் வாடிக்கையாளருக்குச் சிலையின் படம் அனுப்புவதும், கோவளத்தில் வீட்டு அறையை வாடகைக்கு விடுபவர் முன்பதிவு பார்ப்பதும் வைஃபையில்தான். இவ்வளவும் கடந்து போகிற வாசல் அந்தச் சின்னப் பெட்டி. வாசலுக்குப் பூட்டு சரியாக இருக்கணும் இல்லையா?

ஏன் புதுப்பிக்கணும்?

ரவுட்டரை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதில் ஓட்டை தெரியவந்தால், தயாரிப்பு நிறுவனம் திருத்திய பதிப்பை ஒரு ஃபைலாக வெளியிடும். அதைப் போடாத ரவுட்டரில் ஓட்டை அப்படியே இருக்கும். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீம்பொருள், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. அணைத்துப் போட்டாலும் அதன் ஒரு பகுதி உள்ளேயே தங்கியது.

ரவுட்டர் அடுத்தவர் கைக்குப் போனால், நீங்க சரியான முகவரியைத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். அதனால், பிரவுசர் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரித்தால், அரசு இணையதளம்தானே என்று நினைத்து மேலே போகாதீங்க.

முதலில், பெட்டி யாருடையது?

ஃபைபர் இணைப்பு தருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டி என்றால், பெரும்பாலும் அதன் ஃபர்ம்வேரை அந்த நிறுவனமே தொலைவிலிருந்து புதுப்பிக்கும். அதில் நீங்களா எந்த ஃபைலையும் ஏற்ற வேண்டாம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டால் போதும். கடையில் நீங்க காசு கொடுத்து வாங்கிய ரவுட்டருக்குத்தான் கீழே சொல்வது பொருந்தும்.

"வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே" என்று தயங்க வேண்டாம். போனில் இருக்கும் பிரவுசரே போதும். சில நிறுவனங்களின் செயலியில் புதுப்பிக்கும் பட்டனே இருக்கும். அது இருந்தால் ஃபைல் அனுப்பும் வேலையும் மிச்சம்.

அனுப்பும் முன் நான்கு வேலை

1. ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுங்க. மாடல் பெயரும் வி1, வி2 போன்ற வன்பொருள் பதிப்பும் அதில் இருக்கும். மாடல் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறென்றால் ஃபைலும் வேறு.

2. மொபைல் டேட்டாவில், தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தின் இந்தியப் பக்கத்திலிருந்து ஃபைலை இறக்குங்க. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபைல் வேண்டவே வேண்டாம்.

3. ஃபைல் பெரும்பாலும் ஜிப் வடிவில் வரும். போனின் ஃபைல்ஸ் செயலியில் அதைத் தொட்டு விரிச்சுக்கோங்க. ஏற்ற வேண்டியது உள்ளே இருக்கும் ஃபைல்தான், ஜிப் அல்ல.

4. ரவுட்டர் பக்கத்தில் உள்ள 'பேக்கப்' வழியாக இப்போதைய அமைப்புகளைப் போனில் சேமிச்சு வைங்க. இணைப்பு நிறுவனம் தந்த யூசர்நேம், பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக்கோங்க. அமைப்புகள் அழிந்துபோனால், இவை இல்லாமல் இணையம் திரும்ப வராமல் போகலாம். இந்த பேக்கப் ஃபைலுக்குள் உங்க பாஸ்வேர்டுகள் இருக்கும். யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீங்க.

இப்போ அனுப்பலாம்

ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்காருங்க. போனை அதன் வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைச்சிடுங்க. அணைக்காவிட்டால் போன் நடுவில் டேட்டாவுக்குத் தாவலாம். "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?" என்று போன் கேட்டால், தொடர் என்றே சொல்லுங்க. ரவுட்டருடன் பேச இணையம் தேவையில்லை.

பிரவுசரில் லேபிளில் உள்ள முகவரியைத் தட்டுங்க. பல ரவுட்டர்களில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1. உள்ளே போனதும் 'சிஸ்டம் டூல்ஸ்' அல்லது 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியில் 'ஃபர்ம்வேர் அப்கிரேடு' இருக்கும். ஃபைலைத் தேர்ந்தெடுத்து அப்கிரேடு பட்டனைத் தொடுங்க. உங்க மாடலுக்கு வயர் வழியாகத்தான் ஏற்றணும் என்று நிறுவனம் சொல்லியிருந்தால், டைப்-சி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கி, போனையே லேன் வயரில் இணைக்கலாம்.

இனி சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கணும். பெரும்பாலான ரவுட்டர்கள் முதலில் ஃபைலை முழுசா வாங்கிச் சரிபார்க்கும், பிறகுதான் பழையதை அழித்துப் புதியதை எழுதும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ரவுட்டர் முடங்கிப்போகும். வைஃபை தானாகவே ஒருமுறை அறுந்து திரும்ப வரும், அது இயல்பு. பதறிப்போய் சுவிட்சைத் தொடாதீங்க.

மழைக்காலத்துக்கு முன்னாடியே

நம்ம கடற்கரைக்கு இது முக்கியம். 2022 டிசம்பர் 9 இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் எப்போ போகும் என்று சொல்ல முடியாது. செங்கல்பட்டு ஆனாலும் கல்பாக்கம் ஆனாலும், இந்த வேலையை வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் முடிச்சிடுங்க. ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்துகிறதா பாருங்க.

முடிந்த பிறகு

திரும்ப உள்ளே போய், பதிப்பு எண் மாறியிருக்கிறதா பாருங்க. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, வேறு. விருந்தினர் வந்து போகும் இடம் என்றால் அவங்களுக்குத் தனியாக 'கெஸ்ட் வைஃபை' போட்டுக் கொடுங்க. ரவுட்டருக்குப் புதிய பதிப்பு வருவதையே நிறுவனம் நிறுத்திவிட்டதா? அப்போ ரவுட்டரையே மாத்துறதுதான் வழி.

ஒருவேளை பெட்டி எழவே இல்லை என்றால், பல மாடல்களில் 'ரெக்கவரி' வழி ஒன்று இருக்கும். நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேளுங்க.

இணைய மோசடியில் பணம் போனால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழையுங்க. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்க. ரவுட்டரைத் திருப்பி, லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைங்க. மீதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துக்கலாம்.