கடவுச்சொற்களை அச்சிட்டுத் தந்த கணினி

மாணவர்களே, நாளை ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் சேர்ந்தால், ஓர் ஆய்வுக் கணினியைப் பலரோடு பகிர நேரலாம். உங்கள் கடவுச்சொல் அங்கே எப்படி இருக்கும்?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்தனர். பெர்னாண்டோ கோர்பாத்தோவின் குழு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. ஆய்வு மாணவர் ஆலன் ஷெருக்கு வாரம் நான்கு மணி நேரம் போதவில்லை. 1962-இல், கோப்புகளை அச்சிடக் கேட்கும் துளை அட்டையில் கடவுச்சொல் கோப்பின் பெயரைக் கொடுத்தார். எல்லாருடைய கடவுச்சொற்களும் தாளில் வந்துவிட்டன! அவை எழுதியபடியே சேமிக்கப்பட்டிருந்தன. (இதை அவர் வெளியில் சொல்லக் கால் நூற்றாண்டு ஆனது.)

பின்னர் வந்த தீர்வு, சம்பல் அரைப்பது போன்றது. மிளகாயை அரைத்தால் சம்பல். சம்பலிலிருந்து முழு மிளகாயை எடுக்க முடியாது. கணினி உங்கள் கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கில் ‘அரைத்து’, விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் மீண்டும் தட்டும்போது மறுபடி அரைத்து ஒப்பிடும்.

யூனிக்ஸ் கணினிகளில் ஆளுக்கு ஆள் மாறும் சில எழுத்துகளையும் சேர்த்து அரைத்தார்கள். அதற்குப் பெயரே ‘உப்பு’தான். இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் விடை வேறாகிவிடும்.

ஆனால் 123456 என்று வைத்தவரை உப்பும் காப்பாற்றாது. திருடர் முதலில் அரைத்துப் பார்ப்பது அதைத்தான்.