முத்தும் பவளமும் இறுகும் முன் ஒரு துளி நீர்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் பழவேற்காட்டு நண்டு வாங்குபவர்களுக்குத் 'தண்ணி நண்டு' தெரிந்திருக்கும். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இன்னும் இறுகாமல் இருக்கும் நண்டு அது. (நண்டு உண்பது பற்றிய மத்ஹபு கருத்து வேறுபாடு தனிக் கட்டுரைக்குரியது.) ஓடு எப்படி இறுகுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

நண்டு ஓடு, சிப்பி, முத்து, பவளம் எல்லாவற்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பள்ளிவாசல் சுவர் பூசினார்களே, அதே பொருள். அந்தச் சூளைக்கு ஏறத்தாழ 900 டிகிரி வெப்பம் வேண்டும். சிப்பியோ கடல்நீரின் சூட்டிலேயே ஓடு கட்டிக்கொள்கிறது. எடுத்த எடுப்பில் அது கல்லை அடுக்குவதில்லை. நீர் மூலக்கூறுகள் கலந்த, ஒழுங்கான வடிவமில்லாத ஒரு பொருளைத்தான் முதலில் படியவிடுகிறது. அதிலிருந்து நீர் வெளியேற வெளியேற, படிகமாகிறது. நண்டு ஓட்டில் ஒரு பகுதி படிகமாகாமலே தங்கிவிடும். எளிதில் கரையும் வடிவம் என்பதால், அடுத்த முறை ஓடு கழற்றும் முன் கொஞ்சம் கால்சியத்தை உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள அது வசதி.

நீர் சேர்ந்த கால்சியம் கார்பனேட் படிகங்கள் இரண்டு என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஒன்றில் ஆறு நீர் மூலக்கூறுகள், மற்றதில் ஒன்று. 2019இல் ஆய்வுக்கூடத்தில் மூன்றாவது கிடைத்தது: இரண்டு கால்சியம் கார்பனேட்டுக்கு ஒரு நீர், அதாவது அரைப் பங்கு. 2024இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபா கில்பர்ட்டின் குழு, வளர்ந்துகொண்டிருக்கும் முத்துச்சிப்பிப் படலத்தின் மேற்பரப்பிலும் பவள எலும்புக்கூட்டின் மேற்பரப்பிலும் இந்த அரைநீர் வடிவத்தைக் கண்டதாக அறிவித்தது.

முத்து, பவளம் என்றதும் ஸூரத்துர் ரஹ்மானின் 22ஆம் வசனம் நினைவுக்கு வரும். நீர் என்றதும் ஸூரத்துல் அன்பியாவின் 30ஆம் வசனம். 'அன்றே சொன்னது குர்ஆன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற இது போதும். தயவுசெய்து வேண்டாம். அந்த வசனங்கள் அல்லாஹ்வின் அருட்கொடையையும் ஆற்றலையும் நினைவூட்ட வந்தவை, வேதியியல் பாடம் நடத்த அல்ல. 'மர்ஜான்' என்பது பவளமா, சிறு முத்தா என்பதிலேயே முஃபஸ்ஸிர்களிடம் இரு கருத்து உண்டு. அரைப் பங்கு நீரை வசனத்துக்குள் நாமே திணித்துவிட்டு, நாளை வேறோர் ஆய்வு அதைத் திருத்தினால், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை வந்து கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வோம்?