மைக்காவுக்குப் பிறகு பங்கு வாங்கலாமா?

பீடோர் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் பங்கு என்று சொன்னால் மைக்காதான் நினைவுக்கு வரும். 1980களில் பால்வெட்டிச் சேர்த்த காசைப் போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. நிறுவனம் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை. 2010இல்தான் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் கொடுக்க ஒருவர் முன்வந்தார். இத்தனை வருடம் காத்திருந்ததற்கு வட்டி யார் கொடுப்பது?

அதற்காக இளையோர் பயந்து ஒதுங்க வேண்டாம். புர்சா மலேசியாவில் 100 பங்கு வாங்கினால், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். விலை இறங்கியிருந்தால் நஷ்டம் நம்முடையது. ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் போடுங்கள்.

முதுமைக்கு முதலிடம் இ.பி.எப்.தான். 2024க்கு 6.30 விழுக்காடு ஈவு தந்தது. மாதச் சம்பளம் இல்லாத கொய்யா வியாபாரியும் 60 வயதுக்குள் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். போடும் பணத்தில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்த்துத் தருகிறது.